கொளஞ்சியப்பன் போகாத மெட்ராஸ்

அரியலூர் ரயிலடியில் வண்டி ஸ்டாண்டு நடத்தும் கொளஞ்சியப்பனை, ‘மெட்ராஸ்’ கொளஞ்சியப்பன் என்றால்தான் ஊருக்குத் தெரியும். திருமழபாடியிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், ஆலத்தியூரிலிருந்து இன்டர்வியூவுக்குப் போகிறவர், யாராயிருந்தாலும் பைக்கை நிறுத்திவிட்டு அவரிடம் வழி கேட்டுக்கொண்டுதான் ரயிலேறுவார்கள். எங்கே இறங்குவது, எந்த ஆட்டோக்காரனிடம் வாயைக் கொடுக்கக் கூடாது, எல்லாம் அவருக்கு அத்துப்படி.

இதில் ஒரே ஒரு சங்கதிதான் இடிக்கும். மனுஷன் மெட்ராஸுக்குப் போனதே இல்லை. வடக்கே அவர் போன கடைசி ஊர் விருத்தாசலம், அதுவும் மாமியார் வீடு. ஸ்டாண்டைப் பூட்டிவிட்டு எங்கே போவது? இருபத்திரண்டு வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

பிறகு எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஊர் திரும்புகிறவன் டோக்கனை நீட்டியதும், “மெட்ராஸ்ல என்ன புதுசு?” என்பார். அவன் சொல்லச் சொல்ல, முன்னால் நிற்கிற வண்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்துவார். சேதி ருசியாக இருந்தால், சுண்ணாம்புக்கல் லாரி கிளப்பிய தூசியைச் சீட்டிலிருந்து துடைத்துக் கொடுப்பார். சப்பென்று இருந்தால் வெள்ளைச் சீட்டில் உட்கார்ந்து போக வேண்டியதுதான்.

அவர் மெட்ராஸ் போனதில்லை என்ற ரகசியம் மனைவி சின்னப்பிள்ளைக்கு மட்டும் தெரியும். மகள் வெற்றிச்செல்விக்குத் தெரியாது. “எங்கப்பா மெட்ராஸையே கரைச்சுக் குடிச்சவரு” என்று பள்ளிக்கூடத்திலிருந்தே பீற்றிக்கொண்டு வளர்ந்தவள் அவள். அவளுக்கு மெட்ராஸ் அண்ணாநகரில் வேலை கிடைத்தது.

“நீங்க இருக்கீங்க, எனக்கென்னப்பா பயம்! வந்து ஹாஸ்டல்ல வுட்டுட்டு வாங்க” என்றாள்.

கொளஞ்சியப்பன் ஸ்டாண்டைச் சாக்குச் சொல்லிப் பார்த்தார். ஊரே சிரித்தாலும் தாங்கலாம். மகள் முகத்தில் அந்தப் பெருமை போய்விட்டால்? சின்னப்பிள்ளை ஸ்டாண்டு சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, “போய்ப் பாத்துட்டு வாங்க உங்க ஊர” என்றாள். கொழுப்பைப் பாருங்கள்!

பல்லவன் எக்ஸ்பிரஸில் போனார்கள். எழும்பூர் வரைக்கும் மனுஷன் ராஜா. மெட்ரோவுக்கு வழி, டிக்கெட், அஞ்சாவது ஸ்டேஷன் அண்ணாநகர் கிழக்கு, ஒன்றுகூடப் பிசகாமல் சொன்னார். பிறகு அந்தப் படிக்கட்டு வந்தது. அது தானாக இறங்கிக்கொண்டிருந்தது.

இத்தனை வருஷத்தில் ஒருவனும் இதைச் சொல்லவில்லை! தினமும் ஏறி இறங்குகிறவனுக்கு அது ஒரு சேதியா? கொளஞ்சியப்பன் காலை நீட்டினார், இழுத்துக்கொண்டார். வாய்க்காலில் இறங்குகிறவர் மாதிரி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். வெற்றிச்செல்வி அதற்குள் பாதி தூரம் போய்விட்டாள்.

பின்னால் வந்த ஒருவர், “பெரியவரே, கோயம்பேட்டுக்கு எப்படிங்க?” என்றார்.

“கீழ எறங்கி பரங்கிமல போற வண்டி. எட்டாவது ஸ்டேஷன்” என்றார் கொளஞ்சியப்பன், மூச்சுவிடாமல்.

“நீங்க எறங்கலீங்களா?”

கொளஞ்சியப்பன் ஒதுங்கி அவருக்கு வழி விட்டார். மகள் பக்கத்துப் படியில் மூச்சிரைக்க ஏறி வந்தாள். அப்பாவைப் பார்த்தாள், கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள்.

“அப்பா, நீங்க இதுக்கு முன்ன மெட்ராஸுக்கு வந்திருக்கீங்களா?”

“இல்ல பாப்பா.” அவமானத்தில் தலை நிமிரவில்லை. “ஆனா சொன்னது எதுவும் பொய்யில்ல. எல்லாம் வண்டி எடுக்க வந்தவங்க சொன்னதுதான்.”

வெற்றிச்செல்வி பெட்டிமேல் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, “செருப்ப போடுங்க. கையப் புடிங்க. நான் சொல்றப்ப கால வைங்க” என்றாள். கீழே போய்ச் சேரும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஸ்டாண்டில் ஒருவர், “அண்ணே, வடபழனிக்கு எப்படிப் போவணும்?” என்று கேட்டார்.

“எனக்கென்னப்பா தெரியும்? ஒரே ஒரு தடவதான் போயிருக்கேன்.”

கேட்டவருக்கு ஒன்றும் புரியவில்லை. மெட்ராஸைப் பார்த்த பிறகு இந்த மனுஷனுக்கு அதைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. திரும்பி வந்தவர்களிடம் புதுசு கேட்பதையும் விட்டுவிட்டார். மகள் என்ன நினைத்துக்கொண்டிருப்பாளோ என்பதே மனசை அரித்தது.

அன்றைக்குச் சாயங்காலம் போன் அடித்தது. வெற்றிச்செல்வி.

“அப்பா, பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன். அண்ணாநகர்லேருந்து தி.நகருக்கு எத்தனாம் நம்பர் பஸ்ஸு?”

“அங்கயே யாரையாவது கேக்கக் கூடாதா, பாப்பா?”

“அவங்களுக்கு என்ன தெரியும்? நீங்க சொல்லுங்க.”

கொளஞ்சியப்பன் போனைக் கையால் பொத்திக்கொண்டார். அப்போதுதான் ரயிலைவிட்டு இறங்கி டோக்கனோடு நின்ற முத்தமிழ்செல்வனிடம், “தம்பி, சீக்கிரம் சொல்லு!” என்றார். அவன் நம்பரைச் சொன்னான். அதை அப்படியே மகளிடம் ஒப்பித்தார்.

அன்றைக்கு முத்தமிழ்செல்வனுக்குச் சீட்டை மட்டும் துடைக்கவில்லை. தண்ணீர் பிடித்துவந்து வண்டி மொத்தத்தையும் கழுவிக் கொடுத்தார்.