தண்ணீரில் போடாதே என்றவர்

சாலமோன் இறந்த செய்தி வந்தபோது நான் வேப்பம்பட்டு ஸ்டேஷனில் டிக்கெட் வரிசையில் நின்றிருந்தேன். பேசியது அவருடைய மைத்துனர். "அண்ணே, மாமா காலைல பூட்டாரு" என்றார். சரி என்று போனை வைத்துவிட்டு வரிசையில் நகர்ந்து டிக்கெட்டும் வாங்கிவிட்டேன். ரயில் ஏறிய பிறகுதான் உறைத்தது. அப்போதும் அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. அது என்ன பயம் என்பதை, அவரை அறிந்த உங்களிடம் சொல்லிவிடத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களில் பலர் புதுவாயல் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிடங்கில் வேலை பார்த்தவர்கள். ஓர் அருங்காட்சியகம், தன் கட்டடத்தைப் பழுது பார்த்து முடிக்கும் வரையில், மலாய் நாட்டில் நெய்த பழைய சாரோங்குகளை எங்களுடைய ஏசி அறையில் வைத்திருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சாலமோன் அங்கே பேக்கிங் சூப்பர்வைசர். வள்ளூர்க்காரர். அப்பா காலம் வரை நடவுக்கும் அறுப்புக்கும் போன குடும்பம். நான் பதிவேடு எழுதுகிறவன், ஆகவே அவர் வாயில் எனக்கு ரைட்டர் என்று பெயர். இருவருக்கும் ஒரே வயது.

முதல் பெட்டியைத் திறந்த அன்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் அளந்தேன். இது நம் கைலி மாதிரி இரு முனையும் சேர்த்துத் தைத்தது, நடுவில் வேறு கட்டம் போட்ட பட்டைக்கு மலாய்க்காரர்கள் 'தலை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஆண்கள் அதைப் பின்பக்கம் வருகிற மாதிரிக் கட்டுவார்கள் என்றேன். நம் பழவேற்காட்டிலிருந்து கப்பலில் போன கட்டம் போட்ட துணியை அவர்கள் இன்றும் அந்த ஊர்ப் பெயரில்தான் அழைக்கிறார்கள் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதெல்லாம் நெய்ஞ்சவன் கதை. கட்னவன் கதை இன்னா?" என்றார். அவர் குனிந்து துணியைப் பார்க்க ஆரம்பித்தார்.

அந்தப் பார்வையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். முடிச்சு போட்ட இடத்தில் நூல் தேய்ந்திருப்பதை வைத்து, கட்டியவர் இடதுகைக்காரர் என்பார். பதினேழாம் பெட்டியிலிருந்த சாரோங்கை விரித்ததும் அதன் நடுப்பகுதியை விரலால் தடவிப் பார்த்தார். அட்டையில் 'ஆண்கள் அணிவது, விழா உடை' என்று இருந்தது.

"ரைட்டரே, இது கடைசீல இடுப்புல கட்ன துணி இல்ல. நடுவுல தொங்கிப்போய் கீது பாரு. மேல கயிறு போட்டு இறுக்கன தடம். கீய பாலு கறை. கொயந்தயப் போட்டு ஆட்டிகீறாங்க."

நான் சிரித்தேன். மறுநாள் அவர் தன் பழைய கைலி ஒன்றைப் பையில் சுருட்டிக் கொண்டுவந்துவிட்டார். வெளித்துணி உள்ளே வந்தால் பூச்சி வரும் என்று கத்தினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே இருந்த மேசையில் கைலியை விரித்தார். மகள் மூன்று வயது வரை தூங்கிய தூளி அது. அதே தொய்வு, அதே கயிற்றுத் தடம், அதே இடத்தில் பழுப்புக் கறை. தடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறிமாறிப் பார்த்தேன். அந்தக் கைலியும் அடுத்த மழையில் அவர் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது போய்விட்டது.

"இத ரிஜிஸ்டர்ல எய்து" என்றார். அதற்குக் கட்டம் இல்லை என்றேன். நீளம், அகலம், நூல், நிறம், சேதம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. சேதம் என்ற கட்டத்தில் 'கறை, தொய்வு' என்று ஏற்கெனவே எழுதியிருந்தேன். "அது சேதமாய்யா?" என்று கேட்டார். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. ஓரத்தில் ஒரு வரி எழுத எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும்.

சிறுநீரகம் கெட்டு அவர் நீண்ட விடுப்பில் போனபோது, போகிற அன்று வீங்கிய காலோடு என் மேசைக்கு வந்தார். "கண்காட்சி வெக்கப்போறாங்களாம். வெளுக்கணும்னு கேப்பாங்க. நா வர்ற வரிக்கும் பதினேழ யாரும் தண்ணில போடாம பாத்துக்கோ. கறைய எடுத்துட்டா அப்பால அதுல இன்னா கீது?" என்றார். நான் பார்த்துக்கொள்கிறேன், போய் உடம்பைக் கவனி என்றேன்.

இனி சொல்ல வேண்டியதுதான் கஷ்டம். அருங்காட்சியகத்தின் வண்டி வாசலில் நின்றது. சுத்தம் செய்ய அனுப்ப வேண்டிய பட்டியலில் பதினேழும் இருந்தது. சாலமோன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் என்னைப் போடச் சொன்னார்கள். ஒரு துணியை மட்டும் நிறுத்திவையுங்கள் என்று கேட்டிருக்கலாம். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது, பேக்கிங் ஆள் தூளி என்கிறார் என்றா சொல்வது என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்காகவே கையெழுத்துப் போட்டேன்.

துணி திரும்பி வந்தது. அழகாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன். விளக்கைச் சாய்த்துப் பிடித்துத் தேடினேன். கறை இல்லை, தடம் இல்லை, நடுவில் இருந்த தொய்வையும் நீவி நேராக்கியிருந்தார்கள். யாரோ ஒரு தாய் எங்கோ ஒரு வீட்டில் பிள்ளையை ஆட்டியதற்கு இருந்த ஒரே சாட்சியை நான் துடைத்துக் கொடுத்திருந்தேன்.

அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவர் மனைவி ரூத் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சாலமோன் கேட்ட முதல் கேள்வி, "பதினேழு எப்டி கீது?"

"அப்படியேதான் இருக்கு."

"தண்ணில போட்லியே?"

"இல்லப்பா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். முகம் தெளிந்தது. "நீ கீறப்போ எனக்கு இன்னா கவலை ரைட்டரே" என்றார். அவரிடமிருந்து நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான்.

அடக்கத்துக்குப் பின் நடந்த ஜெபக்கூட்டத்தில், "அவரு துணிங்கள எல்லாம் நீங்கதான் அண்ணே காப்பாத்துனீங்க" என்று ரூத் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அங்கேயும் வாயைத் திறக்கவில்லை. பிறகு அருங்காட்சியகத்துக்கு எல்லாவற்றையும் விளக்கிக் கடிதம் எழுதினேன். தக்க சான்று இருந்தால் அனுப்புங்கள், அட்டையில் சேர்க்கிறோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. சான்றுக்கு நான் எங்கே போவேன்? கண்காட்சியில் அது ஆண்களின் விழா உடையாகவே தொங்கப்போகிறது.

ரூத், இதை நீங்கள் படிக்கும்போது என்னைத் திட்டுங்கள். வீட்டுப் பக்கம் வராதே என்றாலும் சரி. சாலமோன் எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு நம்பிக்கைதான். ரயிலில் எனக்கு வந்த பயம் இதுதான்: அதை நான் பொய் சொல்லி வாங்கினேன், திருப்பிக் கொடுக்க அவர் இல்லை.