பெட்டிக்காரர்

தட்டை இடப்பக்கம் தள்ளி, தண்ணீர் டம்ளரை அதன் தலைமாட்டில் நிறுத்தி, கைக்குட்டையை மடித்து வலப்பக்கம் ஒட்டவைத்துவிட்டு, "இதுதான் நம்ம இணையதளத்தோட முதல் பக்கம்னு வச்சுக்கங்க" என்கிறார் பெட்டிக்காரர். தட்டு, விற்பனைப் பொருள்களின் படம். டம்ளர், நிறுவனத்தின் பெயர். கைக்குட்டைதான் அவருடைய பெட்டி. எதிரில் இருப்பவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்த பிறகும் கைக்குட்டை சரியான இடத்துக்கு வந்து சேர்ந்திருக்காது. தட்டிலிருக்கும் சாப்பாடு ஆறி, விறைத்துப் போயிருக்கும்.

காது கேட்கும் கருவி விற்கும் நிறுவனம் எங்களுடையது. கீழ்த்தளத்தில் கருவியைப் பொருத்திப் பார்க்கும் அறை. மேல்தளத்தில் இணையதளத்தைக் கவனித்துக்கொள்ளும் நாங்கள் சிலர். கருவிகளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதுவது என் பிழைப்பு. அதே தளத்தில் ஃபோரம் என்று ஒன்று உண்டு. காது மந்தமானவர்களும் அவர்கள் வீட்டாரும் வந்து மனதில் இருப்பதை எழுதுவார்கள். முகம் தெரியாத யாராவது பதில் சொல்வார்கள். ஆனால் வீட்டுக்குப் பின்னால் தனியாகக் கட்டிப் போட்ட அறை மாதிரி அது ஒரு மூலையில் கிடந்தது. தளத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பெட்டிக்காரர் அதற்கு ஒரு வழி செய்தார். கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு வரிக் கட்டளை. அதை எந்தப் பக்கத்தில் ஒட்டினாலும் அங்கே ஒரு சின்னப் பெட்டி முளைக்கும். ஃபோரத்தில் அதிகம் பதில் வாங்கிய பதிவின் தொடக்கம் தானாக வந்து அதற்குள் உட்காரும். முன்பு ஒருவர் உட்கார்ந்து கையால் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த வேலை. நல்ல காரியம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதைச் செய்த நாளிலிருந்து மனிதர் வேறெதையும் பேசுவதில்லை. லிஃப்ட்டில் அதே பேச்சு, படிக்கட்டில் அதே பேச்சு, கழிவறை வாசலில் மறித்து நிறுத்தியும் அதே பேச்சு. "அங்கேருந்து எடுத்து இங்க போட்டாப் போச்சு. இதுக்குப் போயி இத்தனை நாள் அல்லாடிட்டிருந்தாங்களே" என்று முன்னோர்களுக்காக வருத்தப்படுவார்.

பெட்டிக்காரர் என்று நாங்கள் வைத்த பெயரைப் பட்டம் என்று எடுத்துக்கொண்டார். பெட்டி முதல் பக்கத்தில் வந்தது, பொருள்களின் பக்கத்தில் வந்தது, வரவேற்பறைத் தொலைக்காட்சியில் வந்தது. வழி தவறி வந்தவர்களிடம் 'இப்படி ஒரு பக்கம் இல்லை' என்று சொல்லும் பக்கத்திலும் ஒன்றை ஒட்டினார். இல்லாத பக்கத்துக்கும் பெட்டி வைத்த மகான்.

பெட்டிக்குள் வருவது என்ன என்று மட்டும் பார்க்க மாட்டார். "படிக்கிறது என் வேலை இல்லைங்க. வர வைக்கிறதுதான் என் வேலை." ஒருமுறை, 'இந்தக் கருவியைப் போல் ஒன்றை நான் இதுவரை பார்த்ததே' என்பதோடு ஒரு பதிவு அறுந்து நின்றது. முழுதாகத் திறந்தால் அடுத்த வரியில் வசை. இன்னொரு நாள், அப்பாவைப் பறிகொடுத்த ஒருவர், அவர் அணிந்திருந்த கருவி யாருக்காவது உதவுமா என்று கேட்டு எழுதியிருந்தார். அது 'இன்றே வாங்குங்கள்' என்ற பொத்தானுக்கு நேர் மேலே வந்து உட்கார்ந்தது. கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார். "பொத்தானோட ஓரமும் பெட்டியோட ஓரமும் ஒரே கோட்டுல நிக்குது, கவனிச்சீங்களா?" என்றார். செவிடன் காதில் சங்கு என்ற பழமொழியை எங்கள் அலுவலகத்தில் யாரும் சொல்வதில்லை. வாடிக்கையாளர் மனம் புண்படும். இவரிடம் பேசிவிட்டுத் திரும்பும்போது மட்டும் அது நாக்கு நுனிவரை வந்துவிடும்.

பெட்டியைப் பற்றிப் புகார் வரத் தொடங்கியதும், மேலாளர் அம்மா எங்கள் எல்லோரையும் கூட்டி, அது வேலை செய்வதை நேரில் காட்டச் சொன்னார். பெட்டிக்காரர் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். சுவரில் இருந்த பெரிய திரையில் முதல் பக்கத்தைக் காட்டினார். பெட்டிக்குள் அன்று இருந்தது இது:

'எனக்கு இடது காது சரியாக் கேக்கல. வீட்டுல சொன்னேன். கேட்டுக்கிட்டார்னுதான் நெனச்சேன்…'

"மூணு புள்ளி வச்சு எவ்வளவு அழகா முடியுது பாருங்க மேடம்" என்றார்.

"முழுசாத் திறந்து படிங்க" என்றார் மேலாளர்.

திறந்தார். விலைப்பட்டியல் வாசிப்பவர் போல ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்தார்.

"நான் எக்ஸ்ரே எடுக்கிற வேலைல இருக்கேன். மூச்சை இழுத்துப் பிடிங்கன்னு நான் சொல்றதே எனக்கு ஒரு பக்கமாத்தான் கேக்குது. வீட்டுக்காரர்கிட்ட மறுபடியும் சொன்னேன். காது டாக்டர் விவரம் நெட்டுல இருக்கும், எடுத்துப் போடறேன்னார். போடவே இல்ல. அவரும் கம்ப்யூட்டர் வேலைதான். பேசிக்கிட்டேதான் இருப்பார். இப்பல்லாம் அவருக்கு இடப்பக்கமா உக்காராம, என்னோட இடப்பக்கம் அவர் வர்ற மாதிரி பாத்து உக்காந்துக்கறேன். பாதிதான் கேக்கும். அதுவும் ஒரு சௌகரியம்தான். ஆனா பயமா இருக்கு. யாராவது சொல்லுங்க, இது திரும்ப வருமா?"

பெட்டிக்காரரின் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவர் மட்டும், "கடைசி வரி வரைக்கும் எழுத்து உடையாம வருது" என்று சொல்லிவிட்டுப் பாராட்டை எதிர்பார்த்து நின்றார்.

"உங்க வீட்டம்மா என்ன வேலை பாக்கறாங்க?" என்று கேட்டார் மேலாளர்.

"எக்ஸ்ரே எடுக்கறா மேடம்."

சொன்ன பிறகு திரையைத் திரும்பிப் பார்த்தார். "எக்ஸ்ரே எடுக்கறவங்க எத்தனையோ பேரு இருக்காங்க" என்றார். மறுபடியும் முதல் வரியிலிருந்து, இந்த முறை வாய்க்குள், உதடு மட்டும் அசையப் படித்தார். முகம் கறுத்துவிட்டது. இப்போதாவது ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். சொன்னார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உறுப்பினர் கணக்கை நானே தொடங்கிக் குடுத்திருப்பேனே."

"மொதல்ல அதைப் பெட்டிலேருந்து எடுங்க" என்றார் மேலாளர்.

"தனியா எடுக்க வழி வைக்கலையே மேடம். வேற ஒண்ணு இதைவிட அதிகம் பதில் வாங்கினா, இது தானா இறங்கிடும்."

ஆகவே பெட்டியையே எடுக்க வேண்டியதாயிற்று. ஒட்டிய ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் பெயர்த்து எடுத்தார். அந்த வேலை முடிகிறவரை அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்தத் துக்கம் மனைவிக்கா பெட்டிக்கா என்று எங்களுக்குள் ஒரு விவாதமே நடந்தது. கட்சி சமமாகப் பிரியவில்லை.

அவர் மனைவி இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. அவருடைய பதிவுக்குக் கீழே முகம் தெரியாதவர்கள் வரிசையாக எழுதியிருந்தார்கள். எந்தக் காது, எப்போதிலிருந்து, உள்ளே இரைச்சல் உண்டா என்று ஒருவர் விடாமல் கேட்டிருந்தார். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், 'நாளைக்கு நாளைக்குன்னு தள்ளாதம்மா. நான் தள்ளித்தான் தொலைச்சேன். காலைல முதல் ஆளாப் போய் நில்லு' என்று எழுதியிருந்தார். அந்த அம்மாள் போய் நின்றார், தனியாக. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் கொஞ்சமாவது மீட்டிருக்கலாம் என்றார் டாக்டர். இனி கருவிதான்.

கருவி பொருத்த எங்கள் கீழ்த்தளத்துக்கே வந்தார்கள், இரண்டு பேரும். புதிதாக வந்த ஒரு கருவியைப் பற்றி எழுதுவதற்காக நானும் அங்கே இருந்தேன். அந்த அம்மாள் உயரமாக, நிதானமாக இருந்தார். பெட்டிக்காரர் உள்ளே நுழையும்போதே பொருத்துகிற பெண்ணிடம், இந்த அறையிலும் ஒரு திரை வைக்கலாமே, காத்திருக்கிறவர்கள் ஏதாவது பார்க்கலாமே என்று ஆரம்பித்திருந்தார். அந்தப் பெண் காதில் வாங்காமல் தன் வேலையைச் செய்தாள். கருவியை இடது காதில் செருகி, ஒலியைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சார், பழகின குரல்ல கேட்டாத்தான் சரியா வைக்க முடியும். அவங்களுக்குப் பின்னாடி நின்னு மெதுவா ஏதாவது பேசுங்க."

"என்ன பேசணும்?"

"என்ன வேணா பேசுங்க. உங்க வீட்டம்மாகிட்ட பேசறதுதானே."

அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். அந்த அம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, வலது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, கண்ணை மூடிக் காத்திருந்தார். இவர் தொண்டையைச் செருமினார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்து, வாசிப்பதற்கு ஏதாவது கிடைக்குமா என்று கட்டைவிரலால் தள்ளித் தள்ளித் தேடத் தொடங்கினார்.