உரியவரே பேச வேண்டும்

காசு கொடுத்து நாம் வாங்கிய போன், விற்ற கம்பெனிக்குத்தான் விசுவாசமாக இருக்கும் என்பது அமெரிக்கா வந்த புதிதில் எனக்குப் பிடிபடவே இல்லை. வேறு கம்பெனியின் சிம்மைப் போட்டால் அது ஏற்காது. எங்கள் ஊர்ப் பக்கம் கல்மண்டபத்துக் கடைகளில் ஒரே போனில் இரண்டு சிம் போட்டுப் பழகியவர்கள் நானும் சேகரும். "இன்னா மாமு, நம்ம போனுக்கு அவன் பூட்டு போட்டு வச்சிகீறான்?" என்று சேகர் சிரித்தான். டெக்சாஸ் கடற்கரையில் ஒரு கப்பல் பட்டறையில் இருவரும் வெல்டர்கள். தங்கியதும் ஒரே அறையில்.

ஊரில், கத்திவாக்கத்தில், எங்கள் வீடுகள் அடுத்தடுத்து. கழிமுகத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, கையால் துழாவி இறால் பிடித்து வளர்ந்தோம். அனல்மின் நிலையச் சாம்பல் சேற்றில் படியப் படிய, துழாவும் கைக்கு அரிப்புதான் மிஞ்சியது. வெல்டிங் கற்றுக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

இந்தக் குளிர்காலத்தில் சேகர் கப்பலின் அடித்தளத்தில் மயங்கி விழுந்தான். மாரடைப்பு. உடலை விமானத்தில் அனுப்பினார்கள். போனால் திரும்பிவர விசா கிடைக்காதோ என்ற பயத்தில் நான் கூடப் போகவில்லை. அவன் துணிமணிகளையும் போனையும் ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன்.

சேகரின் மனைவி மல்லிகா காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் இறால் ஏலம் எடுத்து ஓட்டல்களுக்குப் போடுகிறாள். ஆர்டரெல்லாம் போனில்தான் வரும். அவளுடைய பழைய போன் உப்புத் தண்ணீரில் விழுந்து செத்துவிட்டது. பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அழைத்தாள்.

"ண்ணா, அவரு போன்ல என் சிம்மு எடுக்கல. கடைக்காரன் பூட்ட உடைக்கிறேன்றான். ஆனா உள்ள கீறதெல்லாம் அழிஞ்சிடுமாம். அவரு பேசி வச்சதெல்லாம் அதுலதான் கீது. வோணான்னு வாங்கினு வந்துட்டேன்."

போன் கம்பெனிக்குப் பேசினேன். போனுக்கு உரியவர் "நோ மோர்" என்றேன். "நோ மோர் வாட், சார்?" என்று கேட்டாள் எடுத்த பெண். இறந்துவிட்டார் என்று விளக்கினேன். வருத்தம் தெரிவித்தாள். பிறகு அதே இனிமையான குரலில், உரியவரே பேச வேண்டும், இல்லையென்றால் கோர்ட்டுக் காகிதம் வேண்டும் என்றாள். கத்திவாக்கத்தில் இருப்பவள் டெக்சாஸ் கோர்ட்டுக்கு எப்படிப் போவாள்? சேகரின் எண்ணைச் சொல்லாமலே வைத்துவிட்டேன்.

மறுநாள் மீண்டும் அழைத்தேன். இம்முறை ஓர் ஆண் எடுத்தான். பெயர் கேட்டதும், "சேகர்" என்றேன். மல்லிகாவிடம் கேட்டு வைத்திருந்த, அவன் கணக்கின் ரகசிய எண்ணைச் சொன்னேன். பிறந்த ஊரைக் கேட்டான். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். அது மட்டும் எங்கள் இருவருக்கும் பொது.

"எதற்காகப் பூட்டை எடுக்க வேண்டும், சேகர்?"

"ஊருக்குப் போகிறேன்."

"நல்லது. குடும்பம் காத்திருக்குமே!"

"ஆமாம்" என்றேன். வைத்தபின் வெகுநேரம் எதிர்க்கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இப்போது ஒரு பிலிப்பைன்ஸ்காரன் படுக்கிறான்.

இரண்டொரு நாளில் மல்லிகா அந்தப் போனிலிருந்தே அழைத்தாள். பின்னால் ஏலக்காரர்களின் கூச்சல்.

"ண்ணா, எடுத்துக்கிச்சு! எப்டிண்ணா ஒத்துக்கினான்?"

"ஊருக்குப் போறேன்னு சொன்னேம்மா."

"யாருண்ணா, நீயா?"

எங்கள் பட்டறையில் இரவு ஷிப்டுக்குச் சங்கு ஊதிவிட்டது. ஒரு காதில் காசிமேடு இரைந்துகொண்டிருக்க, முகமூடியைக் கையில் பிடித்தபடி கப்பலேணியின் முதல் படியில் நின்றேன்.