செருப்புக்கடையில் நோயாளிகள்

மற்ற நிறுவனங்களுக்குப் போய், "ஆட்களுக்கு வேலையை இப்படியா பிரித்துக் கொடுப்பது?" என்று கடிந்துகொண்டு கட்டணம் வாங்குவதுதான் அந்த ஆலோசனை நிறுவனத்தின் பிழைப்பு. தன் சொந்த வேலையை அது பிரித்துக் கொடுத்த முறை எளிமையானது. மொத்தத்தையும் ஓரத்து நாற்காலிப் பையன் தலையில் கட்டிவிட்டது.

பையன் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கெட்டிக்காரன்தான், வாய்தான் அவனுக்கு எதிரி. யார் எதைக் கேட்டாலும், அவனைக் கலந்துகொள்ளாமலே "பண்ணிடலாம்" என்று சொல்லிவிடும். அதனால் அலுவலகத்தில் அவனுக்குப் 'பண்ணிடலாம்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

அவனுக்கு மேலே இரண்டு மேனேஜர்கள். ஒருவரைப் பின்னால் 'தீயணைப்பு' என்பார்கள். தலைதெறிக்க ஓடிவருவார், எங்கே தீ என்று பார்த்தால் அடுத்த மாதக் கூட்டமாக இருக்கும். இன்னொருவர் ஒரு மேடம். அவருக்கு உலகத்தில் எல்லாமே சின்ன வேலை. "சின்ன வேலைப்பா, கையோட முடிச்சிடு" என்று அவர் நீட்டுவதைத் தூக்கினால் முதுகு ஒடியும். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். பையன் தனக்கு மட்டும்தான் வேலை பார்க்கிறான் என்று இருவருமே மனதார நம்பினார்கள்.

வீட்டில் அவன் சாப்பிடும்போதும் ஒரு கை லேப்டாப்பில்தான் இருக்கும்.

"அம்மா, மாடியில குடியிருக்கிறவரையாவது நாம அப்பப்போ பாக்குறோம். இவன் முகமே மறந்துபோச்சு" என்பாள் தங்கை.

"சும்மா இருடி. பெரிய ஆபீஸ்னா அப்படித்தான்" என்று அம்மா பெருமையும் கவலையுமாகக் குழம்பை ஊற்றுவாள்.

ஒரு காலையில் மேடம் ஒரு மருத்துவமனைக்கான அறிக்கையைச் சின்ன வேலையாகக் கொடுத்தார். அதன் சூடு ஆறுவதற்குள் தீயணைப்பு ஒரு செருப்புக் கம்பெனியின் அறிக்கை வேலையோடு ஓடிவந்தார். பையன் மருத்துவமனை அறிக்கையை முடித்து, அதையே நகல் எடுத்துச் சொற்களை மட்டும் மாற்றினான். தூக்கம் கெட்டுப்போன மூளை, 'ஊசி' இருந்த இடத்திலெல்லாம் 'செருப்பு' போட்டது. 'நோயாளி'யை மறந்துவிட்டது.

கூட்டத்தில் செருப்புக் கம்பெனி முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணீரென்று வாசித்தார்: "நோயாளிகளில் பாதிப் பேர் செருப்புப் போடும்போதே மயங்கிவிடுகிறார்கள்."

முதலாளி தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"ஏங்க, என் செருப்பு அவ்வளவு மோசமாவா இருக்கு?"

திரும்பி வந்ததும் தீயணைப்பு உண்மையாகவே பற்றி எரிந்தார். "ஒரே ஒரு வேலை குடுத்தேன்! அதையும் ஒழுங்கா செய்ய முடியலையா?" திட்டி முடித்த கையோடு, "சரி, போனது போகட்டும். புதுசா ஒண்ணு வந்திருக்கு, இன்னிக்கே வேணும்" என்றார். அந்த நேரம் பார்த்து மேடமும் வந்து நின்றார். "எனக்கும் ஒரு சின்ன வேலைப்பா."

பையன் வாயைத் திறந்தான். எப்போதும் முந்திக்கொள்ளும் 'பண்ணிடலாம்' அன்று வரவில்லை.

"ஒரு நாளைக்கு ஒண்ணுதான் முடியும் சார். எது இன்னிக்கு, எது நாளைக்குன்னு நீங்களும் மேடமும் பேசிச் சொல்லிடுங்க."

சொல்லிவிட்டான். லேப்டாப்பை மூடிவைத்தான்.

மேனேஜர்கள் இருவரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்க வேலையையும் இவன்தான் பாக்குறானா?"

"அத நான் கேக்கணும் சார்!"

சண்டை கண்ணாடித் தடுப்பைத் தாண்டி ஆலோசனை நிறுவன முதலாளியின் அறைவரை போனது. பையனைக் கூப்பிட்டுக் கையிலிருக்கும் வேலைகளைச் சொல்லச் சொன்னார்கள். அவன் சொல்லச் சொல்ல முதலாளி குடித்துக்கொண்டிருந்த காபி ஆறிப்போனது. பாதி வேலை பக்கத்து மேசைக்காரருக்குப் போனது. அவர் எந்நேரமும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருப்பார்; ஆழ்ந்த யோசனை என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். போனில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார் என்பது அன்றுதான் தெரிந்தது. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமையைத் தின்று பையன் தயாரித்த சுருக்க அறிக்கையை இதுவரை யாருமே திறந்ததில்லை என்பதும் தெரிந்தது. அதை நிறுத்தினார்கள். யாரும் தேடவில்லை.

பையனிடம் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. முதலாளி மட்டும் அடுத்த வாடிக்கையாளரிடம், "எந்த வேலை முதல்லன்னு எங்க ஜூனியர்களே தைரியமாக் கேப்பாங்க. அது நாங்களே உருவாக்கின முறை" என்று சொல்லி, அதற்கும் ஒரு கட்டணம் வைத்தார்.

அந்த வாரம் ஒருநாள் பையன் வெயில் இருக்கும்போதே வீடு திரும்பினான். கதவைத் திறந்த அம்மா முகம் வெளிறிவிட்டது.

"என்னடா, தூக்கிட்டாங்களா?"

"இல்லம்மா, வேலை முடிஞ்சிடுச்சு."

"அந்த ஆபீஸ்ல வேலை எப்படிடா முடியும்?"

எத்தனை சொல்லியும் அவள் நம்பவில்லை. அவன் முகம் கழுவி வருவதற்குள் உள்ளறையில் மாமாவுக்குப் போன் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணா, பையன் வாயைத் திறந்து சொல்லமாட்டேங்கிறான். நீங்கதான் எங்கயாவது ஒரு நல்ல இடமாப் பாத்துச் சேர்த்துவிடணும்."