நான் அட்டை போட்ட புத்தகங்கள்

பதினொரு வயதில் எனக்கு ஒரு பதவி இருந்தது. மலேசியாவின் கிள்ளானில் நாங்கள் படித்த தமிழ்ப்பள்ளி நூலகத்தின் தலைமை மாணவப் பொறுப்பாளர் நான்தான். அதற்கென்று கொடுத்த பச்சை பேட்ஜைக் குத்திக்கொண்டால் என் நடையே மாறிவிடும்.

தங்கை இரண்டாம் ஆண்டில் இருந்தாள். எழுத்தும் எண்ணும் அவள் கண்ணுக்கு ஓரிடத்தில் நிற்காது, நகருது என்பாள். வீட்டில் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர். நூலக ஆசிரியை மட்டும் திட்டியதில்லை. சிலர் எண்ணைப் பார்த்துப் புத்தகம் எடுப்பார்கள், சிலர் கேட்டு வாங்குவார்கள், இவள் நிறத்தையும் இடத்தையும் பார்த்து எடுக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஜன்னலோரம் கீழ்த்தட்டில் முதுகு கிழிந்த சிவப்புப் புத்தகம் அவளுடைய ஆமைக் கதை. தினமும் ஓய்வு நேரத்தில் அதை எடுத்து, சொல் சொல்லாக விரல் வைத்து ஆசிரியையிடம் வாசிப்பாள். ஆண்டு இறுதியில் பிடித்த புத்தகம் ஒன்றைத் தலைமையாசிரியரிடம் வாசித்துக் காட்ட வேண்டும். தவறினால் பின்தங்கியவர்களுக்கான குறைநீக்கல் வகுப்புதான்.

அதற்குள் ஆசிரியை பிரசவ விடுப்பில் போனார். நூலகப் போட்டிக்கு நடுவர்கள் வருகிறார்கள் என்று ஒரே பரபரப்பு. புதிதாக வந்த டீச்சர் என்னிடம் பழுப்புத்தாள் சுருளைக் கொடுத்து, "கிழிஞ்சது ஒண்ணும் கண்ணுல படக் கூடாதுலா" என்றார். இரண்டு வாரம் மாங்கு மாங்கென்று உழைத்து, எல்லாப் புத்தகங்களுக்கும் அட்டை போட்டு, எண் ஒட்டி, வரிசை மாற்றி அடுக்கினேன்.

வாசிக்க வேண்டிய நாளன்று தங்கை வந்து ஜன்னலோரம் வெகுநேரம் குந்தியிருந்தாள்.

"அக்கா, ஆமை புக்கு எங்க?"

"நம்பர் பாத்து எடு. எல்லாரும் அப்படித்தான் எடுக்கறாங்க."

"இன்னிக்கு மட்டும் எடுத்துக் குடுக்கா. சார் வெய்ட் பண்றாரு."

"உனக்கு மட்டும் என்ன ஸ்பெஷல்?"

பழைய இடத்தில் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு ஓடினாள். தலைமையாசிரியரின் அறை பக்கத்தில்தான், கதவும் திறந்திருந்தது. பிரித்தால் உள்ளே தேனீக்களின் படங்கள். என்ன செய்வாள் பாவம், தேனீக்கள் மேல் விரலை ஓட்டியபடி ஆமைக் கதையை ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தாள். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் அதையே நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தேன்.

தங்கைக்குக் குறைநீக்கல் வகுப்பு. போட்டியில் எங்களுக்கு இரண்டாம் இடம். விடுப்பு முடிந்து வந்த ஆசிரியை அலமாரிகளைப் பார்த்தார், என் பேட்ஜைப் பார்த்தார். தான் இல்லாதபோது பரிசு வாங்கிவிட்டோமே என்று பொறாமைப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆமைப் புத்தகத்தின் அட்டையைப் பிரித்து அவரே தங்கையிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் அதைத் தொடவில்லை.

அந்தப் புத்தகத்தில் அவள் நிஜமாகவே வாசிக்கத் தொடங்கியிருந்தாள் என்பது எனக்குப் புரியப் பல வருடங்களாயின. இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டாள். இப்போது கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கம்பெனிக் கடிதம் வந்தால் படம் பிடித்து எனக்கு அனுப்புவாள், வாசித்துச் சொல்வேன். போன மாதமும் அப்படித்தான் வாசித்துச் சொன்னேன்.

"நீ அன்னைக்கே சொன்னக்கா, நம்பர் பாக்கச் சொல்லி. எனக்குத்தான் மண்டையில ஏறல" என்றாள்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். "அடுத்த லெட்டர் வந்தாலும் அனுப்பு" என்றேன்.