கைக்குத் தெரிந்த இடுப்புகள்

தையல் கம்பெனியின் பெண்கள் வாசலில் ஒரு மறைப்புத் துணி தொங்கும். வேலை முடிந்து போகிற ஒவ்வொருத்தியும் அதற்குள் நுழைந்து, கையை விரித்து நின்று, எக்ஸ்ரே அக்காவின் கைக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் வெளியேற வேண்டும். தோள், அக்குள், இடுப்பு, முழங்கால், பை. மூச்சு விடுகிற நேரம்தான். அதற்குள் பட்டன் பொட்டலமா, லேஸ் சுருளா, எதை எங்கே செருகியிருக்கிறாள் என்று அந்தக் கை சொல்லிவிடும். கொண்டைக்குள் ஜிப்பைச் சுருட்டிக் கடத்திய ஒருத்தியைப் பிடித்த நாளில் விழுந்த பெயர்தான் எக்ஸ்ரே. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளச் சீட்டு மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறது.

சந்தேகம் அவளுக்குப் பிழைப்பு. பிழைப்பு வீட்டுக்கும் கூடவே வரும். பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். கடைக்காரர் எடை போடும்போது தராசைப் பார்க்க மாட்டாள், அவர் விரலைப் பார்ப்பாள். "என்னையே ரெண்டு தடவ சோதிச்சுட்டுத்தான் கட்டிக்கிட்டா," என்பார் லாரி ஓட்டுகிற அவள் கணவர்.

அப்படிப்பட்டவளிடம் போய், "உங்களுக்குச் சர்க்கரை இருக்கு," என்றால் நம்புவாளா? கம்பெனிக்கு வந்த முகாமில் சொன்னார்கள். மெஷின் கோளாறு என்றாள். வேறு இரண்டு இடங்களில் ரத்தம் கொடுத்தாள். அங்கேயும் அதே பேச்சு. "மூணு பேரும் கூட்டுக் களவாணிங்க," என்று வெளியே சொன்னாலும், மூன்று சீட்டையும் கிழிக்காமல் பைக்குள் பத்திரப்படுத்தினாள்.

காரணம் அவளுடைய சொந்த அக்கா. அவளுக்கும் இதே வியாதிதான். செருப்புக் கடித்த ஒரு சின்னக் காயத்தில் ஆரம்பித்து, விரல் போய், கடைசியில் ஒரு பாதமே போய்விட்டது. "செருப்ப ஜோடியாத்தான் விப்பானாம்டி. எனக்கு எதுக்கு ரெண்டு?" என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். கேட்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு வராது.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "மாத்திரைய விடாமப் போடுங்க. கூடவே எடையக் குறைங்க. வியாதி வந்த புதுசுல நல்லாக் குறைச்சா, சர்க்கரை அடங்கி நிக்க வாய்ப்பு இருக்கு. நாள் போகப் போக அந்த வாய்ப்பும் போயிட்டே இருக்கும். சாப்பாட்ட மாத்திக் குறைக்கலாம். வாரம் ஒரு ஊசி இருக்கு. ரொம்ப அதிக எடைக்கு ஆபரேஷனும் உண்டு. யோசிச்சிட்டு வாங்க."

"இதுல எதுக்கு உங்களுக்குக் கமிஷன் ஜாஸ்தி?"

பக்கத்தில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டரம்மா கோபப்படவில்லை. அதுவே அக்காவுக்குச் சந்தேகமாக இருந்தது. தப்பு செய்யாதவள் என்றால் கோபம் வர வேண்டுமே!

ஊருக்கு ஒரு வாய், வாய்க்கு ஒரு வைத்தியம். "ஊசின்னு ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விடாது. அது வலை," என்றார் கணவர். "சோறே தொடாதே," என்றாள் நாத்தனார். பேக்கிங் சூப்பர்வைசர் அம்மா ஒரு பளபளப்பான டப்பாவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். "ரெண்டு வேளை சோத்துக்குப் பதிலா இந்தப் பவுடர். என்னையே பாரு, எப்படி இருந்தேன், இப்ப எப்படி இருக்கேன்!"

அன்று சாயங்காலம் சூப்பர்வைசர் அம்மாவும் மறைப்புக்குள் வந்தார். அக்காவின் கை இடுப்பில் நின்றது. உள்ளே, வயிற்றை இறுக்கிப் பிடித்த ஒரு ரப்பர் பட்டை.

"மேடம், இந்தப் பவுடரக் கலக்கிக் குடிக்கணுமா, இடுப்புல கட்டணுமா?"

டப்பா மறுநாள் மேஜையில் இல்லை.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. இந்தக் கம்பெனியில் இருக்கிற அத்தனை இடுப்பும் அவள் கைக்குத் தெரியும். எவள் பெருத்தாள், எவள் முழுகாமல் இருக்கிறாள் என்பது அவளவள் வீட்டுக்குத் தெரியும் முன்பே அக்காவின் கைக்குத் தெரியும். ஊரார் வாயை எதற்கு நம்ப வேண்டும்? எந்த இடுப்பு நிஜமாகவே குறைந்திருக்கிறதோ, அவள் வழிதான் சரியான வழி. வாய் பொய் சொல்லும், இடுப்பு சொல்லுமா?

கை வேலையைத் தொடங்கியது. நடையோ நடை என்று நடக்கிறேன் என்றவள் அப்படியே இருந்தாள். வெந்நீர் மட்டும் குடிக்கிறேன் என்றவள் இன்னும் கொஞ்சம் சேர்த்திருந்தாள். ஒரே ஒருத்திதான் வாரத்துக்கு வாரம் கைக்குள் அடங்கிக்கொண்டே வந்தாள். எடையைப் பற்றி வாயே திறக்காத இஸ்திரிக்காரி.

சொல்லாதவள்தானே ஒளிப்பவள்? அக்கா கண் வைத்தாள். இஸ்திரிக்காரி நாளெல்லாம் தண்ணீர் குடித்தாள். அடிக்கடி கழிவறைக்கு ஓடினாள். இடது கையில் எப்போதும் ஒரு துணிக்கட்டு. முதலில் துணித் துண்டுகளைக் கழிவறையில் பதுக்குகிறாளோ என்றுகூடத் தோன்றியது. ஒருநாள் மறைப்புக்குள் மடக்கிவிட்டாள்.

"மரியாதையா சொல்லு. என்ன சாப்பிடற, எப்படி இளைச்ச?"

இஸ்திரிக்காரி வெளியே எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா. எனக்கும் சர்க்கரைதான், ரொம்ப நாளா. மாத்திரை போட்டப்ப இடுப்பு இறங்கவே இல்ல. ஒருநாள் வெறுத்துப்போய் மாத்திரைய நிறுத்திட்டேன். தானா இளைக்குது. இப்பல்லாம் எவ்வளவு தின்னாலும் ஏறவே மாட்டேங்குதுக்கா!"

கமிஷன் இல்லை, டப்பா இல்லை, ஊசி இல்லை. விற்க எதுவும் இல்லாதவள் சொல்வது பொய்யாக இருக்க முடியுமா?

அன்றைக்கு அக்கா மாத்திரை அட்டையை வீட்டுத் தையல் மெஷின் இழுப்பறைக்குள், நூல்கண்டுகளுக்கு அடியில் தள்ளினாள். ஆயுசெல்லாம் ஒளித்தவர்களைப் பிடித்தவள் முதல் தடவையாக ஒன்றை ஒளித்தாள்.

"மாத்திரை போட்டியா?" என்றார் கணவர்.

"ஆச்சு," என்றாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை. அவளிடம் பிடிபட்ட கைகாரிகளே தோற்றிருப்பார்கள்.

ஒரு வாரம் போயிருக்கும். இஸ்திரிக்காரி மறைப்புக்குள் வந்து கையை விரித்தாள். அக்காவின் கை வழக்கம்போலத் தோளிலிருந்து இறங்கி, நடுவழியில் நின்றுவிட்டது. இடுப்பு குறைந்தது சரி. மேல்கையில் இருந்த சதை எங்கே? பத்து கிலோ இஸ்திரிப் பெட்டி தூக்குகிற கை, விறகுக் குச்சியாகக் கிடந்தது. கை இன்னும் இறங்கி, துணிக்கட்டில் பட்டது. கட்டு விறைத்திருந்தது. ஒரு மாதிரி வாடை.

"உள்ள என்ன? அவிழு."

"ஒண்ணும் இல்லக்கா. பெட்டி பட்ட சூடு."

"அவிழுன்னா அவிழு."

உள்ளே திருட்டுப் பொருள் இல்லை. சூடு பட்ட இடம் ஈரமாக, ஓரமெல்லாம் கறுத்து இருந்தது. அந்தச் சூடு பட்ட நாள் அக்காவுக்கு நன்றாக நினைவிருந்தது. வாசல் கதவுக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தார்கள். கட்டுப் போட்ட கை பெயிண்டில் படாமல் இஸ்திரிக்காரியை அக்காதான் வெளியே அனுப்பிவைத்தாள். இப்போது அந்தப் பச்சை உரிந்து, கீழே துரு தெரிகிறது.

"இது இன்னுமா ஆறல?"

"ஆறும்க்கா. வலியே இல்ல."

பாதத்தை இழந்த அவளுடைய சொந்த அக்காவும் அதையேதான் சொன்னாள். வலியே இல்ல.

வரிசையில் நின்றவர்களை வாட்ச்மேனிடம் விட்டுவிட்டு, இஸ்திரிக்காரியை இழுத்துக்கொண்டு போய் டாக்டரம்மா முன்னால் உட்கார வைத்தாள். விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். மெஷினில் எண்ணே வரவில்லை. அது காட்டுகிற அளவையும் தாண்டிவிட்டது என்றார்கள்.

"நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க," என்றார் டாக்டரம்மா. "சாப்பிடறது உடம்புல ஒட்டாம ஒண்ணுக்குல போயிட்டிருக்கு. அதான் இந்தத் தாகம், இந்த ஓட்டம். பசிக்கு உடம்பு தன்னோட சதையையே தின்னுது. இது இளைப்பு இல்லம்மா, வியாதி முத்திருக்கு. இன்னைக்கே படுக்க வைக்கணும்."

அக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். அந்த உடம்புக் குடோன் காலியாகிக்கொண்டிருந்தது. பொருள் தினமும் வெளியே போய்க்கொண்டிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்த கை, கட்டழகு என்று முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறது.

"நீங்க மாத்திரை போடறீங்கதானே?" என்று டாக்டரம்மா அக்காவைக் கேட்டார்.

வாய் வரைக்கும் வந்துவிட்ட "ஆச்சு" அங்கேயே நின்றது. "ஒரு வாரமா இல்ல," என்றாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. இந்தத் தடவை அது சந்தேகமாக இல்லை. ஆனால் விசாரணையை விட்டுவிடுவாளா?

"அந்த ஊசிய நிறுத்தினா என்னாகும்?"

"நிறைய பேருக்கு எடை திரும்ப ஏறும்."

"ஆபரேஷன்?"

"உங்க எடைக்கு இப்ப வேணாம்."

"சாப்பாட்ட மாத்துனா?"

"மெதுவாத்தான் குறையும். பசிக்கும், எரிச்சல் வரும். நீங்க ஏமாத்தினா குறையவே குறையாது."

அக்கா நிமிர்ந்தாள். சொந்தச் சரக்கின் ஓட்டையைத் தானே காட்டுகிற ஆளை அவள் இதுவரை பார்த்ததில்லை. "சரி, சாப்பாடும் மாத்திரையும். அதுல சரிவரலன்னா ஊசியப் பத்திப் பேசுவோம். அப்பவும் கமிஷன் பத்திக் கேப்பேன்."

"தாராளமா கேளுங்க," என்றார் டாக்டரம்மா.

இஸ்திரிக்காரி திரும்பி வேலைக்கு வந்தபோது கை ஆறத் தொடங்கியிருந்தது, கன்னத்தில் கொஞ்சம் சதை. பையில் இன்சுலின் ஊசிப் பேனா. அக்கா அதை எடுத்து, மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள்.

"எல்லாரையும் நீங்க சோதிக்கறீங்க. உங்கள யாருக்கா சோதிக்கறது?"

"நீதான். வா," என்று அக்கா கைகளை விரித்து நின்றாள்.

இஸ்திரிக்காரி தயங்கித் தயங்கித் தொட்டாள். தோள், அக்குள், யூனிஃபார்ம் சட்டைப் பை. பைக்குள் ஏதோ நொறுங்கியது. பிஸ்கட் பாக்கெட்.

"இது என்னக்கா?"

"அது... எங்க வீட்டுக்காரருக்கு."

"திருடிங்க எல்லாம் இதத்தான் சொல்லுவாங்கன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?"

பாக்கெட் மேஜைக்குப் போனது. கை இடுப்புக்கு வந்தது.

"பரவால்ல, சட்டை இடுப்புல ஒரு விரல் தளர்ந்திருக்கு. இருங்க, இருங்க. மூச்ச இழுத்துப் பிடிச்சிருக்கீங்க. விடுங்க."

அக்கா மூச்சை விட்டாள்.

"அரை விரல்," என்றாள் இஸ்திரிக்காரி.

"நல்லாப் பாத்தியா?" என்றாள் எக்ஸ்ரே அக்கா. "உன் கைய நம்ப முடியாது. இன்னொரு தடவ பாரு."