ஒரே புள்ளி, இரண்டு பூசணம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் விவசாய இலாகாவில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். நல்ல விதையைக் குடியானவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், அது விளையாமல் போனால் திட்டு வாங்குவதும் என் உத்தியோகம். முதல் பாதி மட்டும்தான் நியமன உத்தரவில் இருந்தது.

அந்த ஆண்டுகளில் அவரைக்கு ஒரு புள்ளிநோய் வந்துகொண்டிருந்தது. ஐப்பசி மழையில் இலையின் அடிநரம்பு கறுக்கும். பிறகு காயில் சுட்ட வடுப்போலக் குழிந்த புள்ளிகள் விழும். ஈரம் மிஞ்சினால் குழிக்குள் இளஞ்சிவப்பாகப் பிசின் கசியும். அது ஒரு பூசணம் என்பதும், விதைக்குள்ளேயே ஒளிந்து அடுத்த போகத்துக்கும் வந்துவிடும் என்பதும் எங்களுக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? காய் சந்தைக்குப் போகாமல் மாட்டுக்குப் போயிற்று.

காவேரிப்பாக்கம் ஏரிக்குக் கீழே ஓர் அம்மாள் தனியாளாகப் பயிர் செய்துகொண்டிருந்தார். அவர் கொல்லையில் எல்லாச் செடியும் புள்ளி விழுந்து கிடக்க, மூன்று செடிகள் மட்டும் சுத்தமாக நின்றன. அவற்றின் விதையைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னேன். இரண்டு போகம் பெருக்கினோம். அக்கம்பக்கமெல்லாம் புள்ளியாக இருக்க, இந்தச் செடிகள் அசையவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, அந்த விதையில் ஒரு பையை ஆம்பூருக்குக் கொண்டுபோனேன். அங்கே தோல் பதனிடும் மண்டி வைத்திருந்த ஒரு சாயபுவுக்குப் பாலாற்றங்கரையில் தோட்டம் இருந்தது. நோய் அண்டாது என்று அவரிடம் வாய் கூசாமல் சொன்னேன்.

கார்த்திகையில் அவரிடமிருந்து ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் என் பாத்தி முழுக்கப் புள்ளி. பக்கத்துப் பாத்தியில் அவருடைய பழைய நாட்டவரை பச்சைப் பசேலென்று நின்றது.

"இன்னா சார், நோயே வராதுன்னீங்க," என்றார் அவர். "எங்க வெதயே தேவல. பேஜாரா பூட்ச்சி."

சரி, இதுதான் உண்மையிலேயே தாங்குகிற விதை என்று நினைத்து, அவருடைய நாட்டவரையில் கொஞ்சம் கேட்டு வாங்கி, மறு ஆண்டு காவேரிப்பாக்கத்தில் விதைக்கக் கொடுத்தேன். அது அங்கே வேரோடு போயிற்று. அந்த அம்மாள் திட்டவில்லை. புள்ளிக் காய்களை ஒரு முறத்தில் வாரிவந்து என் முன்னால் வைத்தார். "அய்யா, இனிமே எங்க வெதய நாங்களே பாத்துக்கறோம்," என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மேலதிகாரியிடமிருந்து மெமோ வந்தது. காவேரிப்பாக்கத்தில் நான் கவனக்குறைவாக விதையை மாற்றிவிட்டேனாம். ஆம்பூரில் பயிர் போனதற்குத் தோல் கழுவிய தண்ணீர் காரணமாம். தோட்டத்துக் கிணறு மண்டிக்கு மேற்கே மேட்டில் இருக்கிறது, கழிவுநீர் அங்கே ஏறாது என்று எழுதினேன். அதிகப்பிரசங்கித்தனம் வேண்டாம் என்று சிவப்பு மையில் திரும்பி வந்தது.

அந்தக் கோபத்தில்தான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. விதை சரிதான், நோய்தான் ஊருக்கு ஊர் வேறோ? சத்துவாச்சாரியில் நாங்கள் குடியிருந்த வீட்டுக் கொல்லையில் நான்கு வரிசைத் தொட்டி வைத்தேன். இரண்டு வரிசையில் காவேரிப்பாக்கம் விதை, இரண்டில் ஆம்பூர் விதை. செடி முளைத்து இலை விட்டதும், இரண்டு ஊர்ப் புள்ளிக் காய்களையும் தனித்தனியே ஊறவைத்து, ஒவ்வொரு விதையிலும் ஒரு வரிசைக்கு இந்த ஊர்த் தண்ணீர், மறு வரிசைக்கு அந்த ஊர்த் தண்ணீர் என்று தெளித்து, ஈரச் சாக்கால் மூடினேன். துணி உலர்த்த இடமில்லாமல் போனதில் என் மனைவிக்கு எரிச்சல்தான். ஆனாலும் இரண்டு நோய்க்கும் வெவ்வேறு செம்பு வைத்தது அவள்தான்.

தெளித்த மறுநாள் மேலதிகாரி திடீரென்று வந்தார். சாக்கை விலக்கி, ஈர இலைகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். நான் கைகட்டி நின்றேன். பத்து நாளில் நான்கு வரிசையிலும் புள்ளி. வித்தியாசம் எதுவும் காணப்படவில்லை என்று அவர் குறிப்பு எழுதிவிட்டார்.

மறுபடியும் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். இந்த முறை காவேரிப்பாக்கம் விதை தன் ஊர் நோய்க்கு அசையாமல் நின்று, ஆம்பூர் நோய்க்கு விழுந்தது. ஆம்பூர் விதை நேர்மாறாக இருந்தது. மேலதிகாரி பார்க்க வந்து, பழையபடி கையை நீட்டினார். என் மனைவி ஒரு செம்பு நீரோடு குறுக்கே வந்து நின்றாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பக்கம் தொட்டா கைய கழுவிட்டு இந்தப் பக்கம் தொடுங்க. போன தடவ கெட்டது உங்க கையாலதான்."

எனக்கு வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் முகம் சிவந்தது. ஆனால் கழுவினார். பிறகு நான்கு வரிசையையும் நெடுநேரம் குனிந்து பார்த்தார்.

"ரெண்டு ஊர்லயும் வேற வேற பூசணமா?" என்றார்.

"நமக்கு ஒண்ணாத்தான் சார் தெரியுது. அவரைக்குத்தான் வித்தியாசம் தெரியுது."

"அப்ப எல்லா ஊருக்கும் எந்த விதைய குடுக்கறது?"

அந்தக் கேள்வி என்னை எரித்தது, ஏனென்றால் அது நியாயமான கேள்வி. ஊருக்கொரு விதை கொடுக்கலாம் என்றால், திருப்பத்தூர்ச் சந்தையில் எந்த ஊர் விதை எந்த மூட்டையில் போகிறது என்று யாருக்குத் தெரியும்? விதை போகிற இடமெல்லாம் நோயும் போகும். மூன்றாவதாக இன்னொரு பூசணம் எங்காவது இல்லை என்று யார் சொல்வது? நான்கு ஆண்டு அலைந்து நான் நிரூபித்தது, என்னால் யாருக்கும் நல்ல விதை தர முடியாது என்பதைத்தான்.

அந்த ஆண்டு ஆம்பூர் சாயபு நான் தந்த விதையில் மிஞ்சியதை எறிய மனமில்லாமல் தன் விதையோடு கலந்து போட்டிருந்தார். பாதிச் செடி போயிற்று. பாதி நின்று காய்த்தது.

"எது நிக்குதோ நிக்கட்டும்னு போட்டேன்," என்றார். அவர் அதைப் பெரிதாகவே நினைக்கவில்லை.

இரண்டையும் கலந்து விதைக்கலாம், எந்த ஊர் நோய் வந்தாலும் பாதியாவது நிற்கும் என்று அறிக்கை அனுப்பினேன். கலப்பு விதையை இலாகா ஆதரிப்பதில்லை என்று பதில் வந்தது. இனி எழுதிப் பயனில்லை என்று நேரே காவேரிப்பாக்கம் போய் அந்த அம்மாளிடம் சொன்னேன். அவர் என்னை நம்புகிறவராகத் தெரியவில்லை. எந்த விதை எத்தனை படி என்று மட்டும் கேட்டார். சரிபாதி என்றேன். தையில் அவர் கொல்லையிலும் பாதிக் காய் தேறியது. பாதிதான் என்றார் அவர்.